என் நாற்காலியில் இன்னொருத்தி

மார்ச் 4, செவ்வாய்

மூன்று மாதம் என்று நான் இன்று சொல்லவில்லை.

ஏஜென்சி அம்மா கேட்ட மற்ற எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். எத்தனை வருடமாகத் தனியாகக் கணினி ஒப்பந்த வேலை பார்க்கிறேன், எந்தெந்த மருத்துவமனைகள், வெளியூர் போகத் தயாரா. கேட்காத ஒன்றைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அது பொய்யா? பொய்யின் ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளலாம்.

அவர்களுடைய திட்டம் நல்ல திட்டம்தான். மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொள்வார்கள். வேலை இருக்கும் இடத்துக்கு அனுப்புவார்கள். வேலை இல்லாத மாதமும் சம்பளம் வரும், காய்ச்சலில் படுத்தாலும் வரும். பிரசவ விடுப்பு உண்டு என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறது. எனக்கு இப்போது போனால் காசு, போகாவிட்டால் இல்லை. இத்தனை நாள் அதுவே பெருமையாக இருந்தது. யாரையும் கேட்காமல் புதன்கிழமை மத்தியானம் நூலகத்தில் உட்கார்ந்து ஒரு நாவலை முடித்திருக்கிறேன். எந்த முதலாளியிடம் லீவு கேட்டு அதைச் செய்ய முடியும்?

ஆனால் நாவலுக்குப் பால் பவுடர் வேண்டாம்.

மார்ச் 6, வியாழன்

கேட்டுவிட்டான். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற புருஷனிடம் எதையும் மறைக்க முடியாது.

"நடுவுல லிஃப்ட் நின்னா உள்ள இருக்கறவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ரெண்டு நாளா உனக்கு அந்த மூஞ்சிதான். என்ன விஷயம்?"

சொன்னேன். கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"அவங்க கேக்கலை, நீ சொல்லலை. சேர்ந்துடு."

"தப்பில்லையா?"

"தப்பில்லை." துணியை உதறிவிட்டு அவனே, "ஆனா நீ அப்படிச் சேர்ந்தே, தெனம் ராத்திரி என் உயிரை எடுப்பே. போய்ச் சொல்லிட்டே சேரு தாயே. எனக்குத் தூக்கம் முக்கியம்."

சிரித்துவிட்டேன். இவன் வாய்த்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது? இவனுக்குச் சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வான்.

மார்ச் 12, புதன்

ஏஜென்சி அம்மா கையெழுத்துக்குத் தாள்களை எடுத்து வைத்திருந்தார். நான் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், நின்றபடியே, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல.

அவர் பேனாவை மூடினார்.

"இதை ஏம்மா இப்ப சொல்றே?"

"அப்புறம் சொன்னா ஏமாத்தின மாதிரி இருக்கும், மேடம்."

"எங்களை யாரும் ஏமாத்த முடியாதும்மா." எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "சேர்ந்து ஒரு வருஷம் ஆனாத்தான் பிரசவ லீவுக்குச் சம்பளம். விளம்பரத்துல அதைச் சின்ன எழுத்துல போட்டிருக்காங்க. நீ அந்தச் சம்பளத்தை நம்பி வர்றதா இருந்தா வராதே."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு மேலே பேசினார். நான் சேர்ந்தால், இப்போது நான் வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை ஆய்வகமும் என்னோடு சேர்ந்து அவர்களுடையதாகிவிடும். நான் பிரசவத்துக்குப் படுத்தால் அந்த இடத்துக்கு அவர்களே ஓர் ஆளை அனுப்புவார்கள். நான் எழுந்து வரும்போது வேறெங்காவது அனுப்புவார்கள். "உன்னைக் கூப்பிட்டதே அந்த லேபுக்காகத்தான். இதை நான் சொன்னேன்னு வெளிய சொல்லிடாதே."

"அப்ப நான் என்ன பண்றது?"

"தனியா வேலை பாக்குறே. பதிலாள் அனுப்புற உரிமை இருக்குல்ல? சம்பளத்துக்கு இருக்கற எங்களுக்கு அது கிடையாது. நாங்க லீவு போட்டா லீவுதான்."

இருக்கிறது. தனியாக வேலை பார்க்கும் எல்லாருடைய ஒப்பந்தத்திலும் இருக்கிறது: நான் வர முடியாவிட்டால் தகுதியான இன்னொருவரை அனுப்பலாம். யாரும் அனுப்புவதில்லை. அனுப்பியவர் திரும்பிவந்து அதே நாற்காலியில் உட்கார்ந்ததாக எங்கள் தொழிலில் நான் கேள்விப்பட்டதில்லை.

வாசல்வரை வந்து வழியனுப்பினார். என்னைச் சேர்த்திருந்தால் அவர் கணக்கில் ஓர் ஆள் கூடியிருப்பார். எதற்காக அப்படிச் செய்தார்? பஸ் முழுக்க யோசித்தேன். சில நல்ல காரியங்களுக்குக் காரணம் தேடுவதே மரியாதைக் குறைவு என்று தோன்றியது.

மார்ச் 24, திங்கள்

யாரை அனுப்புவது? என் வேலை வெளியே தெரியாத வேலை. ரத்தப் பரிசோதனை இயந்திரம் தரும் எண்களை வார்டில் இருக்கிற திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. புது இயந்திரம் வந்தால் அதன் மொழி வேறு, அதற்கும் வழி செய்ய வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினால் நோயாளிக்கு மருந்து மாறும். சுமாரான ஆளிடம் விட முடியாது.

சுமாரில்லாத ஆள் எனக்குத் தெரிந்து ஒருத்திதான். புயல். விசைப்பலகையில் அவள் தட்டுகிற வேகத்துக்கு வைத்த பெயர். போன வருஷம் என் கண் மருத்துவமனை ஒப்பந்தத்தைத் தட்டிக்கொண்டு போனவளும் அவளேதான்.

ஏப்ரல் 8, செவ்வாய்

புயலைப் பார்த்தேன்.

"லூசாடி நீ? கண் ஆஸ்பத்திரியை உன்கிட்டேருந்து புடுங்கினவ நான். என்கிட்டயே லேபைக் குடுக்கறேங்கிறே?"

"அங்க உன் வேலையைப் போய்ப் பாத்தேன். நான் செஞ்சதைவிட நல்லா இருந்துச்சு. எரிச்சலா இருந்துச்சு."

அவள் உரக்கச் சிரித்ததில் அடுத்த மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சரி, வர்றேன். ஆனா சத்தியம் கித்தியம் எல்லாம் கேக்காதே. நான் நல்லவளான்னு எனக்கே தெரியாது."

கேட்கவில்லை.

ஆய்வகத்தை நடத்தும் டாக்டரிடம் மாலையில் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யார் வேணா வரட்டும். எண் தப்பா வந்தா நான் உன்னைத்தான் கூப்பிடுவேன். பிரசவ அறையில இருந்தாலும் கூப்பிடுவேன்." பிறகு ஒரு நாற்காலியைத் தானே இழுத்துப்போட்டு, "உக்காரு. இனிமே நின்னுக்கிட்டு எங்கிட்ட பேசாதே" என்றார்.

ஜூலை 18, வெள்ளி

புயலுக்கு எல்லாம் காட்டிக்கொடுத்தாயிற்று. நான் எழுதிய கணினி நிரலில் இரண்டு இடத்தில் சுற்றிவளைத்திருந்ததை நேராக்கிவிட்டாள். என் கால் வீக்கத்தைப் பார்த்து ஒரு காலி அட்டைப்பெட்டியை மேசைக்கடியில் தள்ளி, "தூக்கி வை" என்றாள். மற்றபடி அன்பாக ஒரு வார்த்தை பேசவில்லை.

செப்டம்பர் 22, திங்கள்

பெண். இரண்டு பேரும் நலம்.

இதற்கு மேல் எழுத எனக்குத் தெரிந்த சொற்களில் எதுவும் இல்லை. இவ்வளவு படித்து என்ன பிரயோஜனம்!

நவம்பர் 26, புதன்

குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். புயல் போன் செய்தாள். "டாக்டர் என்னையே இருக்கச் சொல்றாங்க. நிரந்தரமா. உன்கிட்ட முதல்ல சொல்லணும்னு தோணுச்சு." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

குழந்தையின் தலையில் மிச்சத் தண்ணீரை ஊற்றினேன். அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை.

போச்சு. நானே கூட்டிக்கிட்டுப் போய், நானே உக்கார வச்சு, எல்லாத்தையும் சொல்லிக்குடுத்து — யாராவது இப்படிப் பண்ணுவாங்களா? டாக்டர் மேலயும் தப்பில்லை. அவங்களுக்கு எண் சரியா வரணும், அவ சரியா குடுக்கறா. நானா இருந்தாலும் அவளைத்தான் வச்சுக்குவேன்.

இவன் குழந்தையை வாங்கிக்கொண்டு, "அழணும்னா இப்பவே அழுதுடு, இவ தூங்கறா" என்றான். அழுதேன்.

பிறகு இவள் விழித்துக்கொண்டாள், பசி. என் கையைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். மார்ச் மாதம் அந்தத் தாள்களில் கையெழுத்துப் போட்டிருந்தால் எந்த ஊரில் இருந்திருப்பேனோ. இந்த மாதங்களை எந்தச் சம்பளமும் இல்லாமல் முழுசாக இவளோடு இருந்தேன். இவன் ஞாயிற்றுக்கிழமைகளிலும் லிஃப்ட் பார்க்கப் போனான், ஒரு நாளும் முணுமுணுக்காமல். இடம் போனாலும் இது போகாது. இதை ஆறுதலுக்காக எழுதவில்லை. இரண்டு முறை படித்துப் பார்த்தேன், உண்மையாகத்தான் இருக்கிறது.

டிசம்பர் 2, செவ்வாய்

புயல் நேரில் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே சண்டை.

"ஏன்டி, ஒரு வார்த்தை பேச மாட்டியா? திட்டவாவது போன் பண்ணியிருக்கலாம்ல?"

"உன் முடிவு அது. நான் என்ன பேச?"

"பெரிய மனுஷி!" குழந்தையைத் தூக்கிக்கொண்டாள், பிடிக்கத் தெரியாமல், ஒரு மானிட்டரைத் தூக்குவது போல. "பொய் சொல்ல மாட்டேன். ஆசையா இருந்துச்சு. தெனமும் சரின்னு சொல்லலாம்னுதான் கிளம்பிப் போவேன். போனா எல்லாரும் நீ எப்ப வர்றேன்னு என்னைக் கேக்கறாங்க. டாக்டரைத் தவிர."

"அப்புறம்?"

"இன்னிக்கு டாக்டர்கிட்ட முடியாதுன்னுட்டேன். பதிலுக்கு வந்தவ பதிலுக்கு வந்தவதான்னேன். அவங்க முறைச்சாங்க. அப்புறம், 'சரி, அவளை ஜனவரியில வரச் சொல்லு'ன்னாங்க."

அவள் கையைப் பிடித்தேன். "விடுடி, உன் பொண்ணு விழுந்துடுவா" என்று உதறினாள்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போனாள். ஜனவரிக்குப் பிறகு அவளுக்கு வேலை எதுவும் இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கண் மருத்துவமனை வேலை மே மாதமே முடிந்துவிட்டதாம். "எனக்கு வேலை செய்யப் பிடிக்கும். வேலை தேடப் பிடிக்காது. ஒவ்வொரு தடவையும் புது மூஞ்சி முன்னாடி உக்காந்து நான் அப்படி நான் இப்படின்னு — சீ!" அதைச் சொன்னபோது அவள் முகத்தில் புயல் எதுவும் இல்லை. எனக்குச் சுதந்திரமாக இருக்கும் ஒன்று அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

ஏஜென்சி அம்மாவின் எண்ணைக் கொடுத்தேன். சின்ன எழுத்தையும் சொன்னேன்.

"எனக்கு எதுக்குடி பிரசவ லீவு?" என்றாள். எண்ணைச் சேமித்துக்கொண்டாள்.

ஜனவரி 12, திங்கள்

காலையில் ஆய்வகத்துக்குப் போனேன். வாரத்துக்கு நான்கு நாள் என்று டாக்டரிடம் பேசியிருக்கிறேன். புயல் இன்று ஏஜென்சியில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தாள்.