தோளில் ஐஸ் வைத்தவன்

மார்ச் 9, ஞாயிறு
மறுபடியும் தோல்வி. நான் எறிந்த பந்துகளில் மூன்றை எதிரணிக்காரர் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். பலெர்மோவில் அமெரிக்கன் ஃபுட்போல் பார்க்க வருவதே கொஞ்சப் பேர். அதில் பாதி எங்கள் தமிழ்ச் சனம். சம்பளத்துக்கு விளையாடும் தமிழ்ப் பெடியன், அதுவும் பந்தெறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவாட்டர்பேக் என்று என்னைப் பார்க்க வந்தவர்கள். முடிந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் பஸ்ஸுக்குப் போனார்கள்.

வலது தோள் கையைத் தூக்கவே விடுகிறதில்லை.

மார்ச் 11
கோச் சல்வோவிடம் தோளைப் பற்றிச் சொன்னேன். உடைமாற்றும் அறையில் யசிந்தன் மட்டும் பக்கத்தில் நின்றான்.

"டாக்டரிடம் போனால் சீசன் முழுக்க உன்னை உட்கார வைத்துவிடுவார். கத்தானியா அணியோடு ஆடி முடியும்வரை வாயைத் திறக்காதே. நீ எனக்கு மகன் மாதிரி," என்றார்.

மகன் மாதிரி. அந்தச் சொல்லுக்குத் தலையாட்டிவிட்டேன்.

பிறகு யசிந்தன் வீட்டுக்கு வந்து தோளில் ஐஸ் வைத்துக் கட்டினான். இங்கே சீசா பகுதியில் ஒரே கட்டடத்தில் வளர்ந்தோம். நான் எறிய அவன் ஓடிப் பிடிப்பது பள்ளிக்கூட நாளிலிருந்தே.

"நான் இருக்கிறன் மச்சான், யோசியாதை."

மார்ச் 16
ஐஸ். மாத்திரை. பயிற்சி. அம்மா கேட்டால் 'ஒண்டுமில்லை'.

மார்ச் 23, ஞாயிறு
கத்தானியாவிடம் அவமானப்பட்டோம். கடைசியில் யசிந்தன் எதிரணியின் எல்லைக் கோட்டுக்குக் கிட்டத் தனியே நின்றான். எறிந்தேன் — பந்து பாதி வழியில் விழுந்தது. சின்னப்பிள்ளை எறிந்த மாதிரி.

மார்ச் 24
சல்வோவின் பேட்டி எல்லாருடைய போனிலும். "பையனுக்குத் திறமை இருக்கிறது, துணிவு இல்லை. அடி விழும் என்று பயந்து பயந்து எறிகிறான். தோள் வலியா? என்னிடம் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை."

ஒரு வார்த்தையுமா? பச்சைப் பொய்!

அப்பா கேட்டார்: "தம்பி, உண்மையாவே பயந்தனியோ?"

வன்னியிலை ஷெல்லுக்குள்ளாலை என்னைத் தூக்கிக்கொண்டு ஓடின மனிசன். அவர் கேக்கிறார். அவரே கேக்கிறார்.

மார்ச் 27
விளையாட்டுக் கழகத் தலைவர் சல்வோவையும் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நடந்ததை அப்படியே சொன்னேன். "யசிந்தன் அங்கேதான் நின்றான், கேளுங்கள்."

கேட்டார். யசிந்தன் தரையைப் பார்த்தான்.

"எனக்கு ஒன்றும் தெரியாது," என்றான்.

எனக்கு முன்னாலை. இத்தாலியன்லை. ஐஸ் வைச்சுக் கட்டின அவன்ரை கையையே பாத்துக்கொண்டிருந்தன். ஏன்ரா? நான் உனக்கு என்ன செய்தனான்?

என் ஒப்பந்தத்தை முறித்துவிட்டார்கள்.

மார்ச் 31
யசிந்தனுக்கு அடுத்த சீசனுக்கும் இடம் உறுதியாம். கபோ சந்தையில் அவனுடைய தாய் நாகபூசணி மாமி அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சொன்னாவாம். பாவம், அவவுக்கு ஒன்றும் தெரியாது.

இப்ப விளங்குது.

ஏப்ரல் 8
ஸ்கானில் தெரிந்தது: தசைநார் கிழிந்திருக்கிறது, கனநாளாக. "இதோடு எப்படி எறிந்தாய்?" என்று டாக்டர் கேட்டார். அப்பா பக்கத்தில் இருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவில்லை.

ஏப்ரல் 29
சத்திரசிகிச்சை முடிந்தது. திரும்ப எறியலாமா என்பதை அடுத்த வருசம்தான் சொல்லலாமாம். என் இடத்துக்கு அமெரிக்கன் ஒருவன் வந்துவிட்டான்.

மே 18, ஞாயிறு
மத்தியானம் யசிந்தன் வந்தான். அம்மா கதவைத் திறந்துவிட்டு என்னைப் பார்த்தா. நான் வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

நின்றபடியே சொன்னான்: "தலைவரிட்டைப் போய் எல்லாத்தையும் சொல்லிப்போட்டன். இனி எனக்கும் அங்கை இடமில்லை."

"இப்பவோ?" என்றேன்.

"ஓம். இப்பதான்."

அதனால் என்ன? சல்வோ இன்னும் கோச்தான். ஊருக்கு நான் இன்னும் பயந்தாங்கொள்ளிதான். அப்பா மட்டும் எழும்பிப் போய் யன்னலடியில் நின்றார், கனநேரம் திரும்பவில்லை.

அம்மா அவனுக்கும் சோறு போட்டா. நான் இடக்கையில் கரண்டியை வைத்துக்கொண்டு மீனோடு மல்லுக்கட்டினேன். அவன் என் தட்டைத் தன் பக்கம் இழுத்து, முள்ளை எடுத்துவிட்டு, திரும்பத் தள்ளி வைத்தான்.

சாப்பிட்டேன். அவனோடு கதைக்கவில்லை.