பனி மேல் போட்ட பழி

இன்று காலை உங்களைத் திட்டினேன். வாய்விட்டே திட்டினேன். நீங்கள் போன பிறகு இந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போய்விடும் என்று நினைத்திருந்தால் அது உங்கள் தப்பு.

கரண்ட் போயிருந்தது. எதிர் லாட்ஜில் வேலை பார்க்கும் ஆள் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தான். அது இருமியதே தவிர ஓடவில்லை. பெட்ரோலும் ஆயிலும் கலந்த அந்த வாடை ஜன்னல் வழியாக அடுப்படிவரை வந்துவிட்டது. மாடியிலிருந்து யாரோ என்ன ஆச்சு என்று கேட்டார்கள். அவன் அண்ணாந்து பார்த்து, "பனி புடிச்சுருச்சு சார்" என்றான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையில் இருந்த காப்பியை வைத்துவிட்டு உங்களைத் திட்டி முடித்த பிறகுதான் மறுபடி எடுத்துக் குடித்தேன்.

கல்யாணமாகி வில்பட்டியில் உங்கள் அண்ணன் வீட்டில் இருந்த காலம் உங்களுக்கு எப்படியோ, எனக்கு அது இருப்பாகவே இல்லை. என் ஓரகத்தியைக் கேட்காமல் ஒரு கல் உப்பை எடுக்க முடியாது. பூண்டு உரித்தால் தோல் தடிப்பாகப் போகிறது என்பாள், சோறு வடித்தால் கஞ்சி வீணாகிறது என்பாள். அறுபதுகளின் தொடக்கத்தில் ஏரிக்கரைப் படகுத்துறையில் உங்களுக்கு வேலை கிடைத்தது. துறைக்குப் பின்னால் ஒரு தகர வீட்டையும் கொடுத்தார்கள். ஒரு அறை, ஒரு அடுப்படி, அவ்வளவுதான். ஆனால் அந்த அடுப்படியில் நான் போட்டதுதான் உப்பு. மழை பெய்தால் நாம் பேசுவது நமக்கே கேட்காது, அதுகூட எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குத்தான் அந்த மோட்டார் உலை வைக்கப் பார்த்தது. எஸ்டேட்டை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன ஒரு துரையிடமிருந்து, படகுக்குப் பின்னால் மாட்டி ஓட்டும் அந்தப் பழைய மோட்டாரை நம் மதுரை முதலாளி வாங்கினார். சீசனுக்கு வருகிறவர்களுக்குத் துடுப்புப் போடத் தெரியாது. காற்றடித்தால் ஏரியின் அந்தக் கோடிக்குப் போய்ச் சொருகிக்கொண்டு கையை ஆட்டுவார்கள். மோட்டார் படகில் போய்க் கட்டி இழுத்து வரவேண்டும், அதுதான் அவர் திட்டம். சீசன் தொடங்கும்போது தாமே வந்து ஏறிப் பார்ப்பேன் என்றும், ஓடாவிட்டால் திண்டுக்கல்லிலிருந்து எஞ்சின் தெரிந்த ஆளைப் போட்டு வீட்டையும் அவனுக்கே கொடுத்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தார். இதை நீங்கள் என்னிடம் சொன்ன விதம் இருக்கிறதே. சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டே, ரசத்தில் புளி கம்மி என்பதைப்போல் சொன்னீர்கள். எனக்கு ஓரகத்தியின் முகம்தான் கண்ணுக்குள் வந்து நின்றது.

மோட்டார் காலையில் வெள்ளனே நன்றாகத்தான் கிளம்பும். இரண்டு இழுப்பில் பிடித்துவிடும். படபடவென்று நடு ஏரிக்குப் போய், செத்ததுபோல் நின்றுவிடும். நீங்கள் துடுப்புப் போட்டுத் திரும்பி வருவீர்கள். கரையில் குதிரைக்காரர்கள் வரிசையாக நின்று சிரிப்பார்கள். பெட்ரோலை வடிகட்டினீர்கள். பஜாரில் பாய் கடையில் புது பிளக் வாங்கி மாட்டினீர்கள். பொறி வருகிறதா பார்க்கவேண்டும் என்று ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, ஒயர் நுனியைக் கையில் கொடுத்து, "சும்மா புடி புள்ள" என்றுவிட்டுக் கயிற்றை இழுத்தீர்கள். நான் போய்த் துடுப்புக் குவியலின் மேல் விழுந்தேன். தோள் வரை மரத்துப்போனது. ஓடி வந்து தூக்குவீர்கள் என்று பார்த்தால், "கரண்டு நல்லா வருது" என்று அங்கேயே நின்று சந்தோஷப்பட்டீர்கள். இதற்கு ஒரு நாளாவது மன்னிப்புக் கேட்டீர்களா?

கடைசியில் பழி பனி மேல் விழுந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த மலையில் எது கெட்டாலும் பனிதான். தீப்பெட்டி பற்றாவிட்டால் பனி, கதவு இறுகினால் பனி, பிள்ளை படிக்காவிட்டால்கூடப் பனி என்பார்கள். பாய் தன் கடையில் தீப்பெட்டிக் கட்டுகளைக் கணப்புச்சட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்பவர். அவர் யோசனையைக் கேட்டு வந்து, மோட்டாரின் மேல் சக்கரத்தைக் கழற்றி, பொறிக்கு மின்சாரம் தரும் அந்தக் காயிலை வெளியே எடுத்தீர்கள். என் அம்மா வீட்டுச் சீராக வந்த பித்தளைத் தட்டில் அதை வைத்து, சாயங்காலமானால் கணப்பின் மேல் காயவைத்தீர்கள். அப்பளத்தைப்போல் திருப்பித் திருப்பிப் போட்டீர்கள். நான் குளிர்காய இடமில்லை. மறுநாள் காலையில் மாட்டினால் மோட்டார் கிளம்பும், உடனே "பாத்தியா, ஈரந்தேன்" என்பீர்கள். நடு ஏரியில் நிற்கும். இன்னும் நன்றாகக் காயவேண்டும் என்பீர்கள்.

எனக்கு எஞ்சின் தெரியாது. ஆனால் பாத்திரம் விளக்கிக்கொண்டே ஏரியைப் பார்க்கிறவளுக்குக் கண் இல்லையா? ஒரு நாள் மழையில் கரி நனைந்து கணப்பு மூட்டவில்லை. காயிலைக் காயவைக்காமலே மாட்டினீர்கள். மோட்டார் வழக்கம்போலக் கிளம்பி, வழக்கம்போல நின்றது. இன்னொரு நாள் துடுப்பை மறந்துவிட்டுப் போய் நடு ஏரியில் மாட்டிக்கொண்டீர்கள். நீங்களே வந்து சொன்னதுதான், ஒரு பீடி குடித்து முடிக்கும் நேரம் சும்மா கிடந்தது படகு. பிறகு இழுத்தால் பிடித்துக்கொண்டது. சுற்றிலும் கை நீட்டினால் கை தெரியாத பனி. அந்தப் பனிக்குள் உட்கார்ந்தே ஈரம் காய்ந்துவிட்டதா என்று கேட்டேன். காற்று காயவைத்துவிட்டது என்றீர்கள். எனக்குத் தலையை எங்கேயாவது முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. சூடு ஏறினால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது, நீங்கள் போய் அதை அடுப்பில் வைக்கிறீர்களே என்று கத்தினேன். "உனக்கு அடுப்படிச் சோலி கெடக்கு, அதப் பாரு" என்றீர்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

முதலாளி வந்த அன்று விடிந்தபோது பனி கொஞ்சநஞ்சமாக இல்லை. நீங்கள் பயந்துபோய், காயிலைக் காலையில் இன்னொரு தரம் கணப்பில் வைத்து, தொட்டால் சுடச்சுட எடுத்துக்கொண்டு ஓடி மாட்டினீர்கள். முதலாளி சால்வையைப் போர்த்திக்கொண்டு படகில் உட்கார்ந்தார். அவர் வீட்டம்மாவும் ஏறினார்கள். நீங்கள் கயிற்றை இழுத்தீர்கள். இழுத்துக்கொண்டே இருந்தீர்கள். என்றைக்கும் காலையில் கிளம்புகிற மோட்டார் அன்றைக்கு ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. முதலாளி எழுந்து, திண்டுக்கல் ஆளுக்குச் சொல்லிவிடட்டுமா என்று கரையில் நின்ற தன் கணக்கப்பிள்ளையிடம் மெல்லக் கேட்டார். அது என் காதில் விழுந்தது.

நான் படியிறங்கி வந்தது எனக்கே ஞாபகமில்லை. அதைக் கழற்றிக் கொடுங்க, ஆறவைக்கவேண்டும் என்றேன். இன்னும் காயவில்லை என்று நீங்கள் ஆரம்பித்தீர்கள். முதலாளிக்கு முன்னால் உங்களை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிராதவள் நான்.

"பிள்ளைக்குப் பாலு சுட்டா ஊதித்தேன் குடுப்போம், அடுப்புல வெப்பமா?" என்றேன்.

முதலாளியம்மா சிரித்துவிட்டார்கள். "அந்தப் பொண்ணு சொல்றதையுந்தான் பாத்துருங்களேன்" என்று அவர்கள்தான் சொன்னது. நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் சக்கரத்தைக் கழற்றினீர்கள். காயிலை ஒரு தூக்குச்சட்டிக்குள் போட்டு மூடி, தண்ணீர் உள்ளே போகாமல் ஏரியில் சட்டியின் கழுத்தளவு அமிழ்த்திப் பிடித்துக்கொண்டேன். ஏரித்தண்ணீரில் என் விரல்கள் விறைத்துப்போயின. முதலாளி டீ குடித்தார். நான் அம்மன் பெயர் ஒன்று பாக்கி விடவில்லை. பிறகு நீங்கள் மாட்டி இழுத்தீர்கள். முதல் இழுப்பிலேயே பிடித்தது.

நடு ஏரியில் நின்றது, அது வேறு விஷயம். ஆனால் இந்த முறை என்ன செய்யவேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. முதலாளி எதிரிலேயே கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி கிளப்பிக் கரைக்கு வந்தீர்கள். காயில்தான் கெட்டது, சூடானால் வேலை செய்யாது என்று அவருக்கு விளக்கமும் சொன்னீர்கள். என்னமோ பிறந்ததிலிருந்தே தெரிந்த மாதிரி. அவர் மதுரையிலிருந்து வேறு காயில் அனுப்பினார். திண்டுக்கல் ஆள் வரவில்லை. தகர வீடு நம்மிடமே நின்றது, நம் பிள்ளைகள் அங்கேதான் பிறந்தார்கள்.

அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, நான் சொன்னதுதான் சரி என்று இப்போதாவது சொல்வீர்கள் எனக் குழம்பை ஊற்றிக்கொண்டே காத்திருந்தேன். "கொஞ்சம் பனி வெலகுச்சு, தப்பிச்சோம்" என்றீர்கள். கரண்டியை உங்கள் தலையில் போடாமல் விட்டது என் பெருந்தன்மை. அதற்குப் பிறகும் எத்தனை தரம் கிளறியிருப்பேன். விருந்தாளிகள் இருக்கும்போது கேட்டேன், மகள் கல்யாணத்தில் கேட்டேன், நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோதுகூடக் கேட்டேன். பனிதான். சாகும்வரை பனிதான்.

போன மாதம் பாய் துக்கம் விசாரிக்க வந்தார். கால் முடியாமல், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்து ஆறவிட்டார். பேச்சை எடுக்கவேண்டுமே என்று, பாய், உங்க பேச்சைக் கேட்டுத்தானே என் பித்தளைத் தட்டு போச்சு என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"காயிலு கோளாறைக் கண்டுபுடிச்சது எங்க வீட்லதான்னு கடைக்கு வந்து ஒக்கார்ற ஆளுகிட்டயெல்லாம் சொல்லுவாரும்மா. அவ மட்டும் எறங்கி வரலைன்னா இன்னைக்கு நான் வில்பட்டியில பூண்டு நட்டுக்கிட்டு இருப்பேன்பாரு. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம். ஏன், உன்கிட்டச் சொன்னதில்லையா?"

இல்லை பாய் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அழவேண்டிய இடத்தில் எனக்கு வந்தது கோபம். பஜார் முழுக்கத் தெரிந்திருக்கிறது. குதிரைக்காரனுக்குத் தெரியும், காய்கறிக்காரிக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை. குழம்பு ஊற்றும்போது தலையைத் தூக்காமலே சொல்லியிருக்கலாம். நான் என்ன மாலையா கேட்டேன்? வீட்டுக்கு வெளியே நாள் தவறாமல் தோற்றுவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஜெயித்தவராக உள்ளே வந்திருக்கிறீர்கள். இத்தனை வருஷமும்.

நீங்கள் விட்டுப்போனதில் சட்டைகளைப் பையன் கொடுத்துவிட்டான், சாமான்களைக் கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்தச் சண்டையை மட்டும் யாருக்கும் கொடுக்க முடியவில்லை, நான்தான் வைத்திருக்கிறேன். நான் ஜெயித்துவிட்டேன் என்று இப்போது தெரிகிறது. அந்த ஜெயித்த முகத்தோடு போய் எதிரில் நிற்கத்தான் எனக்கு ஆளில்லை.