கடைசி வரிசைக் கூண்டுகள்

சித்திரை 21, ஞாயிறு

கத்திரி ஆரம்பம். காலை எட்டு மணிக்கே கோழி ஷெட்டுக்குள் நிற்க முடியவில்லை. ராசிபுரம் போய் சரசுவைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். கோவையில் மகள் பிரியாவுக்கு எட்டாம் மாதம். பிரஷர் ஏறிக்கொண்டே இருக்கிறது. படுக்கையை விட்டு எழவே கூடாது என்று டாக்டர். மாப்பிள்ளைக்கு லீவு இல்லை. அம்மா போகாமல் யார் போவது?

பஸ் நகரும் வரை ஜன்னல் வழியாகக் கோழிப் பேச்சுதான். இரண்டாயிரத்து நானூறு முட்டைக் கோழி. பன்னிரண்டு வருஷமாக அவள் ஒருத்தியே பார்த்தது. நான் லாரியை விட்டு இறங்கி ஒரு வருஷம். முட்டை பொறுக்குவதோடு சரி.

"உசுருக்கு என்னங்க வேணும்? காத்து, தண்ணி, தீனி, நெழலு. இந்த நாலையும் பாத்துக்குங்க. கோழி சாவுதுன்னு காதுல உழுந்துச்சு, அடுத்த பஸ்சுல ஏறிருவேன், ஆமா."

"அட போ புள்ள. இருவது வருசம் நேசனல் பர்மிட் ஓட்டுனவன். கோழிக்குத் தீனி போடத் தெரியாதா எனக்கு? நீ பேரனைத் தூக்கிட்டு வா, போதும்."

வாய். எனக்கு எப்போதும் வாய்தான்.

காலண்டர் தாளின் பின்னால் அவள் எழுதிக் கொடுத்தது:
– தீனி விடிகாலை, அப்புறம் சாயங்காலம். மத்தியானம் போடவே கூடாது, வயித்துச் சூட்டுலயே செத்துரும்
– மேற்குப் பக்கம் சாக்கு கட்டி நனைக்கணும்
– 11 முதல் 4 வரை கூரைக்குத் தண்ணி
– செவ்வாய் தடுப்பு மருந்து. ஃப்ரிட்ஜ்ல இருக்கு. பால் பவுடர் மறக்க வேண்டாம்
– உங்க பி.பி. மாத்திரை

சித்திரை 22, திங்கள்

வெயில் அதேதான். கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. சாக்கு நனைத்தது ஆறு முறை. முதுகு விட்டுப்போச்சு. இவள் இதைத் தினமும் செய்துவிட்டு எனக்குச் சோறும் ஆக்கினாளா?

செத்தது 1. வழக்கமாகப் போவதுதான்.

சரசு போன். பிரியாவுக்குக் கால் வீக்கம். அம்மா பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் தூங்கினாளாம்.

சித்திரை 23, செவ்வாய்

மருந்து நாள். விடிவதற்கு முன்பே தண்ணீரை மூடினேன். இரண்டு மணி நேரம் தாகத்தில் விட்டால்தான் மருந்துத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்கும். சின்ன டேங்கில் ஐஸ் கட்டி, மருந்தின் வீரியம் போகாமலிருக்கப் பால் பவுடர், மருந்து. எட்டு மணிக்கெல்லாம் டேங்க் சுத்தமாகக் காலி. பிறகு பெரிய டேங்க் வால்வைத் திறந்தேன். முதல் வரிசையில், கோழி கொத்தித் தண்ணி குடிக்கிற நிப்பிளை விரலால் தட்டிப் பார்த்தேன். சொட்டியது. வேலை முடிந்தது. எனக்கே பெருமை.

மாலை. செத்தது 5. எல்லாம் கடைசி வரிசை. அது மேற்குப் பக்கம், வெயில் நேராக அடிக்கிற இடம். சாக்கு இன்னும் இரண்டு கட்டினேன். அந்த வரிசையில் தீனி அப்படியே கிடக்கிறது.

சரசு கேட்டாள். "ஒண்ணுமில்ல, நல்லாருக்கு" என்றேன். பிரியாவுக்கு பிரஷர் இறங்கவில்லையாம். இந்த நேரத்தில் ஐந்து என்று எப்படிச் சொல்ல?

சித்திரை 24, புதன்

காலையில் 14.

எல்லாம் அதே வரிசை. வாயைப் பிளந்து, இறக்கையை விரித்து, கொண்டை கறுத்து. பக்கத்து ஷெட் குமரேசனைக் கூப்பிட்டேன். வாசலில் நின்றே எட்டிப் பார்த்தான்.

"வெயிலுங்கண்ணா. எனக்கும் நேத்து ஒம்போது போச்சு. இந்த வருசம் எல்லாப் பக்கமும் இப்படித்தான். என்ன பண்ணச் சொல்றீங்க?"

சரி, வெயில். மனசு கொஞ்சம் ஆறியது. அடுத்தவன் கோழியும் செத்தால் ஒரு ஆறுதல், கேவலம்தான். கூரைக்கு ஓயாமல் தண்ணீர். ஹோஸ் பிடித்துக் கோழி மேலேயே தெளித்தேன். இறகில் ஒட்டிய சொட்டை ஒன்றை ஒன்று கொத்திக் குடித்தது. அதைப் பார்த்தும் மண்டையில் ஏறவில்லை எனக்கு.

மதியம் இன்னும் 11.

மூன்று மணி. கடைசி வரிசையில் நிற்கும்போது சரசு போன். ஏதோ பிரியாவின் ஸ்கேன் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"ஏனுங்க, எங்க நிக்கிறீங்க?"

"கடைசில."

"நிப்பிள் தட்டற சத்தமே காணோமே. இந்த வெயிலுக்கு டக்கு டக்குன்னு கேக்கணுமே... மருந்துத் தண்ணி முடிஞ்சு பைப்புல ஏர் எடுத்தீங்களா? கடைசி மூடியத் தொறந்து உட்டீங்களா?"

கைக்கு எட்டிய நிப்பிளைத் தட்டினேன். சொட்டவில்லை.

"ஏனுங்க... ஏதாச்சும் செத்துருச்சா?"

"இல்ல புள்ள" என்று போனை வைத்துவிட்டுப் பைப் முனைக்கு ஓடினேன். மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று. நிற்காமல் காற்று. பிறகு இருமிக்கொண்டு தண்ணீர். முப்பது மணி நேரத்துக்கு மேல் அந்த வரிசையின் நானூறு கோழிக்கும் ஒரு சொட்டு போகவில்லை. காற்று, தீனி, நிழல் எல்லாம் பார்த்தேன். தண்ணீரை முதல் வரிசையில் மட்டும் தட்டிப் பார்த்தேன்.

டீசல் தீர்ந்தால் லைனில் ஏர் புகும். ஏர் எடுக்காமல் வண்டி உறுமாது. நாக்பூர் ரோட்டில், கொட்டுகிற மழையில், நானே எத்தனை தடவை எடுத்திருக்கிறேன்! டேங்க் காலியானால் பைப்பிலும் அதே கதைதானே? கிளீனர் பையனுக்குத் தெரிவது எனக்குத் தெரியாமல் போச்சே. அவள் அதை எழுதித் தரவில்லை. சோறு வடிக்கும்போது கஞ்சியைக் கொட்டு என்று யார் எழுதித் தருவார்கள்?

அரை மணி நேரம் டக்கு டக்கு டக்கு. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சித்திரை 25, வியாழன்

மேகம் கொஞ்சம். இரவோடு இன்னும் 12. ஆக மொத்தம் 42, திங்கட்கிழமை போனதைச் சேர்க்காமல். குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடியாச்சு. கடைசி வரிசை தீனி தின்கிறது. முட்டை குறைவு.

மாத்திரை போட்டேன்.

பத்து மணிக்கு நானே போன் செய்தேன். மறைக்க முடியாது, வந்ததும் கூண்டைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவாள். எல்லாவற்றையும் சொன்னேன். செவ்வாயும் புதனும் பொய் சொன்னதையும் சொன்னேன். அடுத்த பஸ் ஏறப்போகிறாள், பிரியா தனியாகக் கிடக்கப்போகிறாள், எல்லாம் என்னால் என்று நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம், பின்னால் பிரியாவின் குரல். "என்னம்மா? அப்பா என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமில்ல சாமி. கோழியெல்லாம் நல்லாருக்குதாம். அப்பா நல்லா பாத்துக்கறாங்களாம். நீ படு" என்றாள்.

என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.