தாளித்த சாலட்

அன்புள்ள மாமாவுக்கு, பூவம்மா எழுதுவது. நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் பாசிர் ரிஸ் வீட்டில் லக்ஷனாவும் கேசவன் சாரும் ஒரு வாரமாகப் பேசவில்லை. நேற்று அவர்கள் கல்யாண நாள். சமாதானமாக, லக்ஷனா தக்காளியையும் மொசரெல்லா சீஸையும் வட்டமாக நறுக்கி சாலட்டாக அடுக்கினாள். என்னை மேலே பச்சையாக எண்ணெய் ஊற்றச் சொன்னாள். கைப்பழக்கத்தில் கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டிவிட்டேன்.

“அக்கா, என்ன பண்ணிட்டீங்க!” அழப் போனாள்.

சார் ஒரு வாய் தின்றார். “லக்ஷூ, சூப்பர் லா! நீயும் சாப்பிடு” என்றார். இருவருக்கும் ஒரே தட்டு!

என் கைமணம் அப்படி, மாமா. நீங்கள்தான் உப்பில்லை என்பீர்கள்.

உங்கள் படம் ஒன்று அனுப்புங்கள், மீசையோடு. சண்டை போட எனக்கும் ஒரு முகம் வேண்டாமா? லக்ஷனா கூப்பிடுகிறாள், வருகிறேன்.

உங்கள் பூவு