தானாக மாறும் சேனல்

திங்கள். காலையிலிருந்து தூறல்.

மணி பதினொன்றே முக்கால். இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு, நோட்டே, மன்னித்துக்கொள். மகி இப்போதுதான் தூங்கினாள்.

டாக்டர் எழுதி வைக்கச் சொன்ன இன்றைய சத்தங்கள்:
'ம்ம்' – தண்ணீர்.
'த்தா' – பல்லி, நிலா, செருப்பு, எல்லாமே.
'ஈ' – சும்மா.
வார்த்தை – இல்லை.

இரண்டே கால் வயது. காது நன்றாகக் கேட்கிறதாம். பேசிவிடுவாளாம். எப்போது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

காய்வண்டியில் கீழ்வீட்டு செல்வியக்கா: "பாப்பா இன்னும் பேசலீங்களா? எங்கூட்டுப் பையன் ஒண்ணரை வயசுலயே சண்டை கட்டுவானுங்க." சிரித்துவிட்டு வந்தேன். கத்தரிக்காய் வண்டியிலேயே.

மகியின் அப்பா அயர்லாந்திலிருந்து அனுப்பிய கறுப்புப் பெட்டி வந்துவிட்டது. வீடியோ காலில் அவர் சொல்லச் சொல்ல நானே மாட்டினேன். ஒரு ஒயர் டிஷ் பாக்ஸுக்கு, ஒன்று இண்டர்நெட்டுக்கு. மூன்றாவதின் நுனியில் பட்டாணி அளவு விளக்கு, அதை டிஷ் பாக்ஸின் முகத்தில் ஒட்ட வேண்டும். இனி நம் வீட்டு டிவி அவர் போனில் ஓடும். டிவியின் படமும் சத்தமும் மட்டும். நாங்கள் பேசுவது போகாது.

"ஏனுங்க, போன்லயே ஆப்பு எத்தனையோ இருக்குதுங்களே?"

"அது வேற, அம்மணி. ஊட்டுல என்ன ஓடுதோ அதே வேணும். விளம்பரம் மொதக்கொண்டு."

அவருக்கு அங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. மத்தியானம் இரண்டு மணிக்கு அரைமணி இடைவேளை, அப்போதுதான் போனைத் தொட முடியும். இங்கே அது இரவு ஏழரை.

புதன். மழை விட்டது. துணி காயவில்லை.

சத்தங்கள் – அதே மூன்று.

ஏழரை மணிச் செய்தி விவாதம் மாமாவுக்குப் பூஜை மாதிரி. மாமா என்றால் அவருடைய அப்பா, போத்தனூர் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இன்று நாலு பேரும் சேர்ந்து கத்த ஆரம்பித்த நேரத்தில் டிவி தானாகக் கபடிக்குப் போய்விட்டது. மாமா திருப்பினார். மறுபடி கபடி. திருப்பினார். கபடி. ரிமோட்டை உள்ளங்கையில் தட்டினார். பேட்டரியைக் கழற்றிக் கடித்துப் பார்த்துப் போட்டார்.

"சர்வீஸ் பூரா சிக்னல் பாத்தவன் அம்மணி நானு. இது சிக்னல் கோளாறு."

மகி மட்டும் கை தட்டினாள். டிவியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தினம் அரைமணிதான் விடுகிறேன். அதுவும் தப்போ?

வியாழன். வெயில்.

மாமா டிஷ்காரரை வரவழைத்துவிட்டார். "காத்துல திரும்பிருச்சுங்க" என்று மாடியேறி டிஷ்ஷைத் திருப்பினார். இருந்த படமும் போயிற்று.

மேலிருந்து: "இப்ப வருதுங்களா?"

கீழிருந்து மாமா: "இல்லீங்க."

"இப்பங்க?"

"கோடு கோடா வருதுங்க."

ஒரு மணி நேரம் இப்படி. கடைசியில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, "சரி பண்ணிப்போட்டேனுங்க" என்று கிளம்பினார். ஏழரைக்குக் கபடி.

எனக்குப் பொறி தட்டியது. உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"நாந்தான் மாத்துனேன். பாக்ஸு ஒண்ணுதானே? நீ ஒட்டுன அந்தக் குட்டி வெளக்குத்தான் எனக்கு ரிமோட்டு. இங்க மாத்துனா அங்கயும் மாறும். சொல்ல மறந்துபோட்டேன். அதுசரி, எனக்குக் கபடி நிக்கவே மாட்டேங்குது. பெட்டி கோளாறா?"

இரண்டு நாளாக அப்பாவும் மகனும் ஒருவருக்கொருவர் தெரியாமலே ரிமோட்டுக்கு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். மாமாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று பயந்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"கடல் தாண்டிப் போயும் ரிமோட்ட உடமாட்டேங்கறானே." மகியைத் தூக்கி டிவியைக் காட்டினார். "பாரு கண்ணு, அப்பா மாத்தறான். அப்பா."

வெள்ளி. இன்றும் அதே கூத்து. கபடி வரும்போதெல்லாம் மாமா, "அப்பா." மகி தாத்தாவின் வாயையே பார்த்தாள். சத்தம் – ஒன்றும் இல்லை. 'த்தா' கூட இல்லை. இருந்ததும் போகிறதா? தூக்கமே வரவில்லை.

சனி. வானிலை கவனிக்கவில்லை.

நிதானமாக எழுத வேண்டும்.

ஏழரை. மாமா விவாதம். மகி தரையில், என் செருப்பை ஒற்றைக் காலில் மாட்டிக்கொண்டு. டிவி கபடிக்கு மாறியது. மகி எழுந்து நின்றாள்.

"ப்பா."

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "அம்மணி, கேட்டயா?"

"வாயில ஏதாச்சும் வெச்சிருப்பா மாமா." விரல் விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கடித்துவிட்டாள்.

மாமா விவாதத்துக்குத் திருப்பினார். மகி அவர் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தாள், பேசாமல் இருந்தாள். இரண்டு நிமிடம். மறுபடி கபடி.

"அப்பா."

முழுசாக.

மாமா திருப்பினார், அங்கிருந்து அவர் மாற்றினார், இவள் சொன்னாள். திருப்பத் திருப்பச் சொன்னாள். "விவாதம் கெடக்கட்டும், கழுதை" என்று மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டே அமுக்கினார். கடைசி நாலு தடவையை நான் போனில் பதிந்துவிட்டேன். செல்வியக்கா வந்து எட்டிப் பார்த்து, "யாருங்க கத்தறது?" "எம் பேத்தி பேசறாளுங்க" என்றார் மாமா.

சத்தங்கள் – எழுத நேரமில்லை.
வார்த்தை – அப்பா. பதினோரு தடவை.

'அம்மா' இல்லை. பரவாயில்லை, நான் இங்கேயேதானே இருக்கிறேன்.

இடைவேளை முடியும்போது அவரிடமிருந்து மெசேஜ்: "அப்பாகிட்டச் சொல்லு. இருக்கறதே அரைமணி, பத்து நிமிசம் நிம்மதியாப் பாக்க உடமாட்டாரா?" அதோடு போனைப் பூட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவருக்குக் கபடிச் சத்தம்தானே கேட்டிருக்கும்.

பதிந்ததை அனுப்பிவிட்டேன். இன்னும் பார்க்கவில்லை. அவர் வேலை முடியும்போது இங்கே இரவு ஒன்றரை மணி ஆகிவிடும். கீழே இதையும் எழுதி அனுப்பினேன்:

"ஏனுங்க, மாமா உங்ககூடச் சண்டை போடலீங்க. சத்தத்தைக் கூட்டி வெச்சுட்டுக் கேளுங்க. நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன். கேட்டதும் பதில் போடுங்க."