ஆயம்மாள் வீட்டுக் குக்கர்

ஏப்ரல் 10, 1994

அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்லி வைக்கச் சொன்னார் கோயமுத்தூர் டாக்டரம்மா. எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்கிறேன், என் வீட்டுக்காரி நூர்ஜான் எழுதுகிறாள்.

சுதந்திரம் வந்த அன்று கொடுத்த மிட்டாயின் நிறம்கூட எனக்கு நினைவிருக்கிறது. ஐந்து வருடம் முன்னால் பனியன் கம்பெனியில் நீராவிக் குழாய் வெடித்த நாள் மட்டும் இல்லை. பக்கத்தில் துணி பிடித்து நின்ற கந்தப்பன் செத்துப்போனான். எனக்கு மிஞ்சியது 'உஸ்' என்று ஒரு சத்தம். அப்புறம் குக்கர் விசிலோ ரோட்டில் லாரி பிரேக்கோ 'உஸ்' என்றால்கூட நான் இருக்க மாட்டேன். கண் திறந்திருக்கும், ஆள் இருக்காது. திரும்பி வரும்போது முன்னால் சோறு ஆறியிருக்கும்.

அடுத்த மாதம் மகள் சாயிராவுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை கையைப் பிடித்து, மகளைக் கொடுத்தேன் என்று நான்தான் சொல்ல வேண்டும். நடுவில் இப்படிப் போய்விட்டால்?

ஏப்ரல் 17

டாக்டரம்மா சொன்னார்: "கிறுக்கு இல்லீங்க பாய். அன்னைக்குத் தாங்க முடியாம மனசு தள்ளிப் போய் நின்னுருச்சு, உங்களைக் காப்பாத்த. ஆபத்து முடிஞ்சதை நாமதான் அதுக்குச் சொல்லோணும்."

கையில் எதையாவது தடவச் சொன்னார். கம்பெனியில் வெட்டி மிஞ்சிய கட்டிங் வேஸ்ட்டில் ஒரு ரிப் துணித் துண்டு எடுத்துக்கொண்டேன். விரலுக்கு வரி வரியாகத் தெரியும். தடவியபடி சொல்லிக்கொள்ள வேண்டும்: இது இன்றைக்கு. இது என் வீடு.

விசில் கேட்டு எத்தனை நாளாச்சு என்றார். யோசித்தேன். எங்கள் சந்தில் ஒரு வீட்டிலும் விசில் இல்லையே — ஏன்?

ஏப்ரல் 18

எதிர்வீட்டு ஆயம்மாளைக் கேட்டேன். "உங்களுக்குச் சிரமமுன்னு எல்லாரும் குக்கரை மேல அட்டாலில போட்டுட்டோமுங்க பாய்."

ஐந்து வருடமாகச் சந்து முழுக்கச் சட்டியில் பருப்பு வேகிறது! ஒருத்தரும் மூச்சு விடவில்லை.

ஏப்ரல் 24

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அந்த மரியாதைதானுங்க உங்களைக் குணமாக விடலை. தள்ளி நின்னு கேட்டுப் பழகுங்க. அப்புறம் மெல்லப் பக்கத்துல."

ஏப்ரல் 25

சந்து முனையில் அடுப்பு வைத்து ஆயம்மாள் குக்கரை ஏற்றினாள். நான் என் வாசலில்.

"பாய், அடிக்கப் போகுதுங்க!"

"அடிக்கட்டுமுங்க!"

போய்விட்டேன். கொஞ்ச நேரந்தான் என்கிறாள் நூர்ஜான்.

மே 2

ஆயம்மாள் வாசலில். விசில் அடித்தது. இருந்தேன். நூர்ஜான் அழுதாள். அதை எழுத மாட்டாளாம். எழுது புள்ள.

மே 9

எங்கள் அடுப்பில். கந்தப்பன் முகம் வந்தது, காதில் பீடி செருகிய சிரிப்போடு. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக. அழுதேன். கண்ணைத் துடைத்துச் சாப்பிட உட்கார்ந்தால், சோறு சூடாக இருந்தது.

மே 15

நிக்காஹ். சைவக்காரர்களுக்குச் சாம்பார் தன் பொறுப்பு என்று ஆயம்மாள் மண்டபத்துப் பின்கட்டில். மாப்பிள்ளை நஜீமுதீன் கை என் வலது கையில்.

"என் மகள் சாயிரா பானுவை—"

உஸ்ஸ்ஸ்!

மண்டபமே என்னைப் பார்த்தது. மாப்பிள்ளை கை வேர்த்துவிட்டது. என் இடது கையில் ரிப் துணி. வரி. வரி.

"—உங்களுக்கு நிக்காஹ் செஞ்சு குடுத்தேனுங்க."

சொல்லிவிட்டுப் பின்கட்டுப் பக்கம் திரும்பினேன். "ஏனுங்க ஆயம்மா, அடுப்பைக் குறைங்க. பருப்பு குழைஞ்சிரும்!"