பெட்டியை மட்டும் விசாரிக்காதே

அன்பு மகன் ரகுநாத்துக்கு அப்பா எழுதுவது. கந்தர்வக்கோட்டையில் எல்லோரும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை, நீ குவைத் வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள். போனில் பேசினால் உன் மனைவி பக்கத்திலேயே இருக்கிறாள், அதனால்தான் வெள்ளிக்கிழமை அங்கே புறப்படும் திருமுருகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மகன் விக்ரமுக்குச் செவ்வாய்க்கிழமை புதுக்கோட்டையில் ரத்தம் ஏற்றினோம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை குத்திக் குத்தி நரம்பே அகப்படவில்லை, ஐந்து வயதுப் பிள்ளை அழாமல் கையை நீட்டுகிறான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் இடுப்புத் தாயத்தில் காய்ந்த தொப்புள்கொடி இருக்கிறதே, உதவுமா என்று டாக்டரம்மாவிடம் அவிழ்த்துக் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. காய்ந்த கொடியில் உயிரணு இருக்காது, இருந்தாலும் அவனுடைய தலசீமியா ரத்தநோய் அதிலும் இருக்கும், இப்போது பிறக்கப்போகிற பிள்ளையின் கொடி ரத்தத்தில்தான் ஸ்டெம் செல் எடுத்து இவனுக்கு ஏற்ற வேண்டும், அது பொருந்துவதும் நாலில் ஒரு வாய்ப்புதான் என்றார். என் அக்கா மகள் காவ்யாவையே நீ கட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவன் நான், சொந்தத்தில் கட்டியதால் வந்த வினையோ என்று மனது அரித்துக்கொண்டே இருக்கிறது.

கொடி ரத்தம் பிடிக்கிற பெட்டி சென்னையிலிருந்து வந்துவிட்டது. உன் அம்மா அதை பீரோவில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறாள். வலி கண்டதும் யாருக்குப் போன் பண்ணுவது, பெட்டியை யார் தூக்குவது என்று தினமும் அதே பேச்சுதான். நேற்று எனக்குச் சோறு போட்டுக்கொண்டே காவ்யா, "மாமா, ரத்தம் சேரலைன்னா இந்தப் பிள்ளைய என்னான்னு பாப்பீங்க?" என்று கேட்டாள். யோசித்தால், அந்தப் பிள்ளைக்கென்று ஒரு பழைய வேட்டியைக்கூட நாங்கள் கிழித்து வைக்கவில்லை, என்ன பேர் வைக்கலாம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நீயும் போனை எடுத்ததும் பெட்டி பத்திரமா என்றுதான் கேட்கிறாய். குறையாகச் சொல்லவில்லை, நானும் சாமி முன்னால் அந்த ரத்தத்தைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

இன்னும் இருபது நாள்தான் இருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு. நீயும் காவ்யாவும் விக்ரமும் வரப்போகிற பிள்ளையும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. பிள்ளை பிறந்ததும் நான் போன் போட்டுக் காவ்யாவிடம் கொடுப்பேன், ஆணா பெண்ணா என்று கேள், யார் சாயல் என்று கேள். ரத்தம் எடுத்தார்களா என்று மட்டும் அவளிடம் கேட்காதே.

இப்படிக்கு
உன் அப்பா
நாகராசு